பங்குனி வெயிலும் வானிலை அறிக்கையும்: வாசகர் கேள்வி-பதில்

மார்ச் நடுவில் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை பல நாட்கள் மூன்றே வரியில் முடிந்துவிடும். தமிழகம், புதுவை, காரைக்கால் பகுதிகளில் வறண்ட வானிலை நிலவக்கூடும். அதிகபட்ச வெப்பநிலை இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்கக்கூடும். அதிகாலையில் ஓரிரு இடங்களில் லேசான பனிமூட்டம் காணப்படலாம். இப்படிப்பட்ட ஒரு வாரத்தைப் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: ‘வறண்ட வானிலை’ என்று போட்ட நாளிலேயே எங்கள் தோட்டத்தில் நாலு தூறல் விழுந்தது. அறிக்கை தப்பா? (கரூர்)

தப்பென்று சொல்ல முடியாது. மழைமானி இருக்கும் நிலையங்களில் மழை பதிவாகாது என்பதுதான் அந்த வரியின் பொருள். உங்கள் தோட்டத்துக்கும் அடுத்த மழைமானிக்கும் இடையே பல கிலோமீட்டர் இருக்கலாம். ஒரு நாள் மழை என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரைக்கான கணக்கு. அதில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அது ‘மழை நாள்’. நாலு தூறல் அந்தக் கணக்குக்குள் வராது.

‘ஓரிரு இடங்களில்’ என்று இருந்தால் நிலையங்களில் கால் பங்கு வரை மழை எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள். ‘ஒருசில இடங்களில்’ என்றால் கால் பங்குக்கு மேல், பாதி வரை. வறண்ட வாரத்தில் இந்தச் சொற்கள் தலைகாட்டுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

கேள்வி: சென்னையில் 33 டிகிரிதான் என்கிறார்கள், புழுக்கம் தாங்கவில்லை. சேலத்திலிருக்கும் அக்கா வீட்டில் 37, ஆனால் மர நிழலில் உட்கார முடிகிறது. ஏர் கூலர் வாங்கினால் இங்கே பயன்படுமா? (திருவான்மியூர்)

முதலில் கூலருக்குப் பதில்: வேண்டாம். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு பார்க்க வேண்டும்.

அறிக்கையில் ‘வறண்ட’ என்று இருப்பது மழையைப் பற்றிய பேச்சு, காற்றின் ஈரத்தைப் பற்றியது அல்ல. சென்னையில் மழையே இல்லாத நாளிலும் வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று வந்துகொண்டிருக்கும். அந்த ஈரத்தை அளக்கச் சரியான எண் பனிப்புள்ளி, அதாவது காற்றைக் குளிரவைத்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் பனித்துளி கட்டும் என்ற அளவு. மார்ச் பிற்பகலில் சென்னையில் பனிப்புள்ளி 25 டிகிரியை ஒட்டி இருந்தால், 33 டிகிரி வெப்பத்தில் ஈரப்பதம் ஏறக்குறைய 63 சதவீதம். சேலத்தில் பனிப்புள்ளி 15 ஆக இருந்தால், 37 டிகிரியில் ஈரப்பதம் 27 சதவீதம்தான்.

உடம்பு குளிர்வது வியர்வை ஆவியாவதால். சேலத்துக் காற்று வியர்வையை உடனே வாங்கிக்கொள்கிறது. சென்னைக் காற்றில் இடம் இல்லை. நிழலில் உணரும் வெப்பத்தைக் கணக்கிடும் வெப்பக் குறியீட்டில் போட்டுப் பார்த்தால் சென்னையின் 33 ஏறக்குறைய 41 போல இருக்கும். சேலத்தின் 37 கிட்டத்தட்ட 37 ஆகவே நிற்கும். வெயிலில் நின்றால் இரண்டு ஊருக்குமே இதைவிடக் கூடும்.

கூலரும் வியர்வையைப் போலத்தான் வேலை செய்கிறது. தண்ணீரை ஆவியாக்கிக் காற்றை எவ்வளவு குளிரவைக்க முடியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் எண்தான் அந்த எல்லை. மேலே சொன்ன சேலத்துக் காற்றுக்கு அது 23 டிகிரி, சென்னைக்கு 27. நல்ல ஹனிகோம்ப் பேட் உள்ள கூலர் அந்த இடைவெளியில் 80 சதவீதத்தைக் கடக்கும் என்று வைத்துக்கொள்வோம். சேலத்தில் 37 டிகிரிக் காற்று 26 ஆக வெளியே வரும். சென்னையில் 33 டிகிரிக் காற்று 28 ஆகும், ஆனால் ஈரம் சொட்டும் காற்றாக. அரை மணி நேரத்தில் படுக்கை விரிப்பு நமுத்துப்போகும். சன்னலைச் சாத்திவிட்டுக் கூலர் போட்டால் இன்னும் மோசம். சேலத்து அக்காவுக்கும் இதைச் சொல்லுங்கள்: கூலர் ஓடும்போது எதிர்ப்பக்கச் சன்னல் திறந்திருக்க வேண்டும்.

சென்னைக்கு வேறொரு வசதி இருக்கிறது, கடற்காற்று. மார்ச்சில் பெரும்பாலும் நண்பகலை ஒட்டி உள்ளே வந்துவிடும். அதனால்தான் நகரில் உச்ச வெப்பம் பல நாட்களில் 12 மணி வாக்கிலேயே முடிந்துவிடுகிறது, உள்மாவட்டங்களில் 2.30, 3 மணி ஆகும். மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ தரைக்காற்று பலமாக அடித்தால் கடற்காற்று 2 மணி வரை தடைபடும். அன்றைக்குத்தான் 36, 37 என்று எகிறும். மீனம்பாக்கம் நுங்கம்பாக்கத்தைவிடக் கடலிலிருந்து தள்ளியிருப்பதால் அத்தகைய நாளில் அங்கே ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகப் பதிவாவது வழக்கம். ஆகவே நாளைய வெப்பநிலையோடு நாளைய காற்றுத் திசையையும் பாருங்கள். கிழக்கு, தென்கிழக்கு என்றிருந்தால் கிழக்குப் பார்த்த சன்னலைப் பதினோரு மணிக்கே திறந்து வையுங்கள். மேற்கு என்றிருந்தால் கடற்காற்று வரும்வரை சன்னலைச் சாத்தித் திரை போட்டு, வெளியே காற்று மாறியதும் திறங்கள்.

கேள்வி: இயல்பைவிட 3 டிகிரி கூடுதல் என்றால் அது வெப்ப அலைதானே? தொலைக்காட்சியில் அப்படித்தான் சொல்கிறார்கள். (வேலூர்)

இல்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறை அதைவிடக் கறாரானது. சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியைத் தொட வேண்டும். கூடவே இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். 6.4 டிகிரிக்கு மேல் கூடினால் கடும் வெப்ப அலை. கடலோரத்துக்கு 37 டிகிரி, மலைப்பகுதிக்கு 30 டிகிரி என்று அடிவரம்பு மாறும். இயல்பு எவ்வளவாக இருந்தாலும் 45 டிகிரி தொட்டால் வெப்ப அலை, 47 தொட்டால் கடும் வெப்ப அலை. ஒரே வானிலைக் கோட்டத்தில் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாள் இப்படிப் பதிவானால், இரண்டாம் நாளில் அறிவிப்பார்கள்.

இயல்பு என்பது அந்த ஊரின், அந்தத் தேதிக்கான 30 ஆண்டுச் சராசரி. வேலூரில் மார்ச் நடுவில் இயல்பு 35 டிகிரியை ஒட்டியது என்று கொண்டால் 3 டிகிரி கூடி 38 வரும். வெப்ப அலை இல்லை. ஆனால் கூலி வேலைக்குப் போகிறவருக்கும் சாலை போடுகிறவருக்கும் 38 சாதாரணமல்ல. அறிவிப்பு வரவில்லையே என்று பதினோரு மணிக்குமேல் வேலை வாங்குவது சரியில்லை.

இன்னொன்று: அக்னி நட்சத்திரம் பஞ்சாங்கக் கணக்கு, வெப்ப அலை வெப்பமானிக் கணக்கு. சூரியன் நேர் உச்சிக்கு வருவது கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, 11 வாக்கில். சென்னையில் ஏப்ரல் 24, 25 வாக்கில். பங்குனியிலேயே சுடுவதில் வியப்பில்லை.

கேள்வி: தக்காளி ஒரு ஏக்கர், காய் பிடிக்கிற பருவம், சொட்டுநீர்ப் பாசனம். வெயில் ஏறுகிறது என்று தினமும் இரண்டு மணி நேரம் விடுகிறேன். போதுமா, கூட்டணுமா? (ஒட்டன்சத்திரம்)

குறைக்கணும். எவ்வளவு என்று பார்ப்போம்.

மேகமில்லாத மார்ச் நாளில் உள்மாவட்டங்களில் மண்ணும் பயிரும் சேர்ந்து இழக்கும் நீர் நாளொன்றுக்கு 5 முதல் 6 மி.மீ. ஒரு ஏக்கரில் 1 மி.மீ. என்பது சுமார் 4,000 லிட்டர். 5 மி.மீ.க்கு 20,000 லிட்டர். ஆனால் தக்காளி இலை நிலம் முழுவதையும் மூடியிருக்காது. 70 சதவீதம் மூடியிருந்தால் தேவை 14,000 லிட்டர்.

இனி உங்கள் குழாய். பக்கவாட்டுக் குழாய்கள் 4 அடிக்கு ஒன்று, சொட்டுவான்கள் 2 அடிக்கு ஒன்று, ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் என்றால் ஏக்கருக்குச் சுமார் 5,400 சொட்டுவான். மணிக்கு ஏறக்குறைய 22,000 லிட்டர். 14,000 லிட்டருக்கு 38, 39 நிமிடம் போதும். காற்று வீசி, ஈரப்பதம் 25 சதவீதத்துக்குக் கீழே போகும் நாளில் 6 மி.மீ. என்று வைத்தாலும் 46, 47 நிமிடம்தான். மணிக்கு 2 லிட்டர் சொட்டுவானாக இருந்தால் இந்த நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். இவ்வளவு தண்ணீரை மோட்டார் ஒரே தடவையில் தள்ளாவிட்டால் வயலை இரண்டு வால்வாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இதே நேரம்.

இரண்டு மணி நேரம் விட்டால் மிச்சத் தண்ணீர் வேருக்குக் கீழே இறங்கிப் போகும், நீங்கள் குழாய் வழியாகக் கொடுத்த உரத்தையும் கூட்டிக்கொண்டு. செம்மண் தண்ணீரைக் கொஞ்ச நேரம்தான் பிடித்து வைக்கும் என்பதால் காலை ஆறு மணிக்குப் பாதி, சாயங்காலம் பாதி என்று பிரிப்பது நல்லது. ஒரு நாள் நிறைய, அடுத்த நாள் இல்லை என்று விட்டால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து சீராகப் போய்ச் சேராது. காயின் அடிப்பகுதி கறுத்துக் குழிந்து அழுகும். அதை நோய் என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் நிறைய.

கணக்கு சரியாக இருந்தும் செடி வாடினால் சொட்டுவானைச் சோதியுங்கள். ஒரு டம்ளரைச் சொட்டுவானுக்கு அடியில் சரியாக 3 நிமிடம் வையுங்கள். மணிக்கு 4 லிட்டர் என்றால் 200 மி.லி. விழ வேண்டும். குழாயின் தொடக்கத்தில், நடுவில், கடைசியில் என்று மூன்று இடத்தில் பாருங்கள். கடைசியில் 170க்குக் கீழே வந்தால் அழுத்தம் போதவில்லை அல்லது அடைப்பு. வடிகட்டியைக் கழுவி, பக்கவாட்டுக் குழாயின் முனையைத் திறந்து தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள். வெயில் மாதங்களில் வாரம் ஒரு தடவை இதைச் செய்தாக வேண்டும். கிணற்று மட்டம் இறங்க இறங்கத் தண்ணீரில் உப்பும் வண்டலும் கூடும்.

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் வேளாண் வானிலை அறிக்கை வருகிறது. அதில் அடுத்த ஐந்து நாளுக்கான வெப்பநிலை, ஈரப்பதம், காற்று வேகம் மூன்றும் இருக்கும். மேகதூத் செயலியில் தமிழிலேயே கிடைக்கும்.

கேள்வி: கைபேசியில் ஒரு செயலி 39 என்கிறது, இன்னொன்று 36. காரில் 42. எதை நம்புவது? (மதுரை)

மூன்றும் மூன்று வேறு பொருளை அளக்கின்றன. பெரும்பாலான செயலிகள் காட்டுவது கணினி நிரல் கணக்கிட்ட எண். உங்கள் தெருவில் யாரும் வெப்பமானி வைக்கவில்லை. சில செயலிகள் ‘உணரும் வெப்பத்தை’ப் பெரிய எழுத்தில் போட்டு ஆளைக் குழப்பும். கார் உணரி தார்ச்சாலைச் சூட்டையும் இன்ஜின் சூட்டையும் சேர்த்துச் சொல்கிறது. வானிலை நிலையத்தில் வெப்பமானி தரைக்கு ஒன்றேகால் மீட்டருக்குக் குறையாத உயரத்தில், காற்று புகும் வெள்ளைப் பலகைப் பெட்டிக்குள், நிழலில் இருக்கும். இயல்போடு ஒப்பிட அந்த எண்ணை மட்டும் எடுங்கள்.

கேள்வி: இந்த வாரம் வடாம் பிழியலாமா? போன தடவை மூன்று நாள் காயவைத்தும் டப்பாவில் பூஞ்சை பிடித்தது. (கும்பகோணம்)

பிழியலாம், வானம் தெளிவாக இருக்கும் வாரம் இதுதான். பூஞ்சைக்குக் காரணம் பெரும்பாலும் காலை நேரம். டெல்டாவில் சூரியன் உதிக்கும் வேளையில் ஈரப்பதம் 85, 90 சதவீதம் இருக்கும். பனிமூட்டம் இருந்தால் நூறை ஒட்டும். அந்த நேரத்தில் மொட்டை மாடியில் விரித்தால் வடாம் காய்வதற்குப் பதில் ஈரத்தை வாங்கும். ஒரே காற்று, அதே அளவு நீர்: காலை 22 டிகிரியில் ஈரப்பதம் 73 சதவீதம் இருந்தால் பிற்பகல் 37 டிகிரியில் 31 ஆக இறங்கிவிடும். காய்கிற நேரம் 10 முதல் 3.30 வரைதான்.

முதல் நாள் மட்டும் எட்டரைக்குள் பிழிந்துவிடுங்கள், கூழ் ஆறாமல் இருக்க. அடுத்த நாட்களில் தரை காய்ந்து சூடேறியபின், ஒன்பதரைக்கு எடுத்து வைத்தால் போதும். மூன்றரை மணிக்கு உள்ளே கொண்டுவந்து துணி மூடி வையுங்கள். முதல் நாள் மேல்பக்கம் கலகலவென்று இருந்தாலும் நடுவில் ஈரம் நிற்கும். இரவில் அது வெளிப்பக்கம் வந்து மறுநாள் காலையில் வடாம் மெத்தென்று ஆகியிருக்கும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் காயும். பிளாஸ்டிக் விரிப்பில் அடிப்பக்கம் வியர்க்கும், அதனால் முதல் நாள் மாலையே உரித்துத் திருப்பிப் போட வேண்டும். வேட்டியில் என்றால் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்கலாம். கடைசிச் சோதனை: தடிமனான ஒன்றை எடுத்து உடையுங்கள், ‘டிக்’ என்று முறிய வேண்டும். எண்ணெயில் போட்டு நடுப்பகுதி பொரியாமல் நின்றால் இன்னொரு வெயில் தேவை. சுடச்சுட டப்பாவில் அடைத்தால் மூடியில் வியர்த்து மறுபடி பூஞ்சைதான்; நிழலில் ஆறவிட்டு மூடுங்கள்.

கேள்வி: உப்பளப் பாத்தியில் பகலில் நன்றாகப் பூக்கிற உப்பு இரவில் ஏன் நின்றுவிடுகிறது? நடுவில் திடீர் மழை வந்தால் எவ்வளவு சேதம்? (தூத்துக்குடி)

நிறை உப்புநீர், அதாவது இனி உப்பைக் கரைக்க முடியாத அளவுக்கு நிறைந்த நீர், ஏறக்குறைய 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் ஆவியாகாது. அதற்கு மேலே போனால் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கத் தொடங்கும். கடலோர இரவு அந்த எல்லையைத் தாண்டுவதால் வேலை நிற்கிறது. (வீட்டில் காலையில் உப்பு டப்பா கசிவதும் இதனால்தான்; மக்னீசிய உப்பு கலந்திருந்தால் இன்னும் சீக்கிரம் கசியும்.)

மழைக்கு வருவோம். 100 மி.லி. நல்ல தண்ணீர் சுமார் 36 கிராம் உப்பைக் கரைக்கும். 10 மி.மீ. மழை என்பது சதுர மீட்டருக்கு 10 லிட்டர். முழுவதும் கரைய விட்டால் சதுர மீட்டருக்கு மூன்றரைக் கிலோ உப்பு போய்விடும். ஆனால் மழைநீர் எடை குறைந்தது, உப்புநீரின் மேல் கொஞ்ச நேரம் தனியாக நிற்கும். காற்று அடித்துக் கலக்குவதற்குள் மேல்தண்ணீரை வடித்துவிட்டால் பெரும்பகுதி தப்பும். அந்த நேரத்தில் பாத்தியில் யாரும் இறங்கிக் கலக்கக் கூடாது. பிறகு உப்புநீரின் அடர்த்தியை போமே டிகிரியில் பார்த்து, 25க்குக் கீழே இறங்கியிருந்தால் நிறைநீர் விட்டு ஏற்றுங்கள்.

கேள்வி: பள்ளி விடுமுறைக்கு முன் மலையேற்றம் போகலாமா? (போடிநாயக்கனூர்)

மார்ச்சில் வேண்டாம். வறண்ட வாரத்தில் மலைப்புல் சில மணி நேரத்திலேயே பற்றும் பதத்துக்குக் காய்ந்துவிடும். 2018 மார்ச் 11 அன்று உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். தீப்பருவத்தில் வனத்துறை பாதைகளை மூடுவதும் இதற்காகத்தான்.

பகலில் மலைச்சரிவில் காற்று மேல்நோக்கி ஏறும். தீயும் அதோடு ஏறும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பில் சொல்லும் கணக்கு. தோட்ட வேலைக்காகவோ வேறு காரணத்துக்காகவோ அங்கே இருக்க நேர்ந்து கீழே புகை தெரிந்தால் மேலே ஓடாதீர்கள். பக்கவாட்டில் நகர்ந்து வெறும் பாறைக்கோ, ஏற்கெனவே எரிந்து முடிந்த தரைக்கோ போய்ச் சேருங்கள். புல்வெளி ஓடை வழியாகவும் ஏற வேண்டாம், தீக்கு அது புகைபோக்கி.

கேள்வி: வெயில் காலம் என்கிறார்கள், காலையில் பனிமூட்டம் எப்படி? (விழுப்புரம்)

மேகம் இல்லாத இரவில் தரைச்சூடு தடையின்றி மேலே போய்விடுகிறது. தரையை ஒட்டிய ஈரக்காற்று பனிப்புள்ளி வரை குளிர்ந்தால் மூட்டம். மெல்லிய அடுக்குதான், எட்டு மணிக்குள் கலைந்துவிடும். நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர்கள் முகப்பு விளக்கைத் தாழ்த்தி வையுங்கள். உயர்த்தினால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

கேள்வி: இந்த வறட்சி எப்போது முறியும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? வாழை குலை தள்ளி நிற்கிறது. (கோபிசெட்டிபாளையம்)

ஐந்து நாள் முன்னால் ஓரளவு தெரியும். வறண்ட வாரத்தில் மேலே உயரழுத்தம் உட்கார்ந்து காற்றைக் கீழே அழுத்துகிறது. மேகம் வளர முடியாது. அறிக்கையில் ‘கிழக்குத் திசைக் காற்றும் மேற்குத் திசைக் காற்றும் சந்திக்கும் பகுதி’ அல்லது ‘வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி’ என்ற வரி நுழைந்தால் அந்த மூடி தளர்கிறது என்று கொள்ளலாம். மார்ச் வறண்டே போகும் என்றும் கட்டாயமில்லை. 2008 மார்ச்சில் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற நெல் சேதமானது பலருக்கு நினைவிருக்கும்.

உங்கள் பக்கத்தில் கவனிக்க வேண்டியது பிற்பகல் பனிப்புள்ளி. 15, 16 என்று கிடந்தது 20ஐத் தாண்டி, காலையிலேயே புழுங்கி, ஒரு மணிக்கு முன்பே மேற்குமலைப் பக்கம் காலிஃபிளவர் போல மேகம் எழும்பினால் அன்று மாலை இடிமழைக்கு வாய்ப்பு. வறண்ட காற்றின் வழியே மழை இறங்கும்போது பாதி ஆவியாகி, குளிர்ந்த காற்று கனத்துக் கீழே கொட்டும். மழை நாலு சொட்டாக இருந்தாலும் சூறைக்காற்று வாழையைச் சாய்த்துவிடும். ஆகவே மழைக்கான வரி வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே முட்டு கொடுங்கள். குலை சாய்ந்த பக்கம் இரண்டு சவுக்குக் கட்டைகளைக் கத்தரி போல நிறுத்தி, குலைக்காம்புக்குக் கீழே தண்டைத் தாங்கும்படி கட்டுங்கள். கயிறு தண்டை அறுக்காமல் இருக்கக் காய்ந்த வாழைச் சருகைச் சுற்றுங்கள். கட்டையின் அடி ஓரடி ஆழமாவது மண்ணில் இறங்கட்டும். முந்தைய நாள் தண்ணீர் பாய்ச்சியிருந்தால் மண் இளகிக் கட்டையும் சாயும், மரமும் சாயும். காற்று எதிர்பார்க்கும் நாளுக்கு முந்தைய பாய்ச்சலைத் தள்ளிப்போடுங்கள். மின்னல் பற்றி தாமினி செயலி 20, 40 கிலோமீட்டர் வட்டத்தில் எச்சரிக்கும். அது ஒலித்தால் கட்டையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போங்கள், தோப்பில் மரத்தடியில் ஒதுங்க வேண்டாம்.